கண்டெடுக்கப்பட்ட படகு, இலக்கம் 417

கண்டக்குழிக் கரையில் இருக்கும் படகுப் போக்குவரத்துப் பதிவுச் சபைக்குள் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டபோது எல்லோரும் பல்லி என்றுதான் நினைத்தார்கள். டிக், டிக், டிக். கொஞ்சம் பொறுத்து ஒரு டக். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அமைதி. பதிவு லிகிதர் யூஜினி ஞாயிற்றுக்கிழமைகளில் கடவுளுக்கும் மற்ற நாட்களில் பல்லிக்கும் பயப்படுகிறவர். வலப்பக்கம் சொன்னால் நல்லது, இடப்பக்கம் சொன்னால் கெட்டது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் இது நேர் முன்னால், கம்பியூட்டர் மேசையிலிருந்தே சொன்னது. அதற்கு என்ன பலன் என்று அவர் விசாரிக்காத ஆள் ஊரில் இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை.

சபையின் பணிப்பாளர் ஸலாஹுதீன் எதையும் முறைப்படி செய்கிறவர். மூவர் அடங்கிய பல்லி அகற்றல் குழு நியமிக்கப்பட்டது. அலுமாரிகள் நகர்ந்தன. இரண்டாம் நாள், ‘முடிவுற்ற கோப்புகள்’ என்று எழுதிய அலுமாரிக்குப் பின்னால் நிசமாகவே ஒரு பல்லி அகப்பட்டது. அதை ஜாம் போத்தலில் அடைத்து, இலக்கமிட்டு, ‘சத்தத்துக்கான காரணம் கைப்பற்றப்பட்டது’ என்று கொழும்புக்கு அறிக்கையும் போயிற்று. போத்தலுக்குள் பல்லி வாயை மூடிக்கொண்டு இருந்தது. மேசை தொடர்ந்து சொல்லிக்கொண்டு இருந்தது.

இந்தச் சபை எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். உள்ளூர்க்காரர் கேட்பதை விட்டுப் பல வருடம். யுத்த காலத்தில் கடலுக்குப் போக பாஸ் எடுக்கவேண்டும். யுத்தம் முடிந்தது, பாஸ் போனது, பாஸ் எழுதிய கதிரைகள் மட்டும் போகவில்லை. கதிரை இருந்தால் யாராவது உட்காரத்தானே வேண்டும். அப்படி வந்ததுதான் சபை. முன்பு மீனவரிடமிருந்து பாதுகாப்பு, இப்போது மீனவருக்குப் பாதுகாப்பு. வேற்றுமை உருபை மட்டும் மாற்றிப் பெயர்ப்பலகையைத் திரும்ப மாட்டினார்கள். கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் தன் பெயர், ஆட்களின் பெயர், எந்தத் திசையில் எத்தனை மைலில் தொழில் என்பதெல்லாம் சபையின் கம்பியூட்டரில் பதியவேண்டும். காற்று கிளம்பினால் ‘கடலில் உள்ளவை’ என்ற பட்டியலைச் சபை எடுத்துக் கடற்படைக்குக் கொடுக்கும். அவர்கள் போய்த் தேடுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தொழில் செய்யும் இடத்தைப் படகு வைத்திருக்கும் எந்தச் சம்மாட்டியும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். கட்டின மனைவிக்கும் சொல்லமாட்டான். சொன்னால் அடுத்த நாள் அதே இடத்தில் பத்து வலை விழும். பழி பெண்கள்மேல்தான் வரும். தேத்தண்ணிக் கடையில் ஆண்கள் வாயால் கசிவதை யாரும் பேசுவதில்லை. ஆகவே ஸலாஹுதீன் ஒரு சுற்றறிக்கை விட்டார். இடத்தைச் சம்மாட்டியே தன் கையால் தட்டவேண்டும். தட்டி முடியும்வரை லிகிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும். யூஜினி ஒரு நாளைக்கு நாற்பது தடவை சுவரைப் பார்த்தார். சுவரில் இருந்த நாட்காட்டி வேறு, மூன்று வருடப் பழசு.

இப்படியாக, கரை முழுவதன் இரகசியமும் அந்த ஒரு பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. பெட்டி இருந்தது, பணிப்பாளருக்குக் கடற்காற்று வேண்டுமென்று எந்நேரமும் திறந்திருக்கும் யன்னலுக்குப் பக்கத்தில். அதன் ஆணிகளில் துரு பூத்திருந்தது.

பல்லி பிடிபட்ட பிறகுதான் பதிவேடு பேயாடத் தொடங்கியது. ஒரு படகு 2073ஆம் ஆண்டு கரை திரும்பும் என்று வந்தது. இரண்டு பேர் போகும் சின்னப் படகுக்கு நாற்பத்தொரு எஞ்சின். போன வருடம் மௌத்தாகிய, இல்லை, அவர் வேதக்காரர், காலமாகிய இன்னாசிப்பிள்ளையின் படகு ஒவ்வொரு நாளும் விடிய ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. திரும்பியதாக ஒரு நாளும் பதிவு இல்லை.

பள்ளிவாசல்துறைச் சாஹுல் ஹமீதின் படகுக்கு அவருடைய ஒரே மகள் நபீலாவின் பெயர். ஒரு நாள் அது பதிவேட்டில் ‘ந????’ என்று ஆகிவிட்டது. சபையிலிருந்து கடிதம் வந்தது: படகில் எழுதப்பட்ட பெயரும் பதிவேட்டிலுள்ள பெயரும் முரண்படுகின்றன, பதினான்கு நாட்களுக்குள் திருத்தவும். எதைத் திருத்துவது என்று கேட்கப் போனார். பதிவேடு பிழையாக இருந்தால் என்ன செய்வது என்பதற்குச் சுற்றறிக்கை கிடையாது என்றார்கள்.

அவரோடு கடலுக்குப் போகும் சவிரிமுத்து தூரிகையும் கையுமாகப் படகடியில் குந்தியிருந்தார்.

“என்னத்தச் சம்மாட்டி எழுத?”

“கடதாசியில இரிக்கிறத எழுது.”

“கேள்விக்குறி நாலு?”

“நாலும் வடிவா வரட்டும். கோணினா அதுக்கும் ஒரு கடிதம் வரும்.”

அன்றிலிருந்து அந்தப் படகு ஒவ்வொரு நாளும் கேள்வி கேட்டுக்கொண்டே கடலுக்குப் போனது.

நபீலா கற்பிட்டிச் சந்தியில் ஃபோனும் கம்பியூட்டரும் திருத்தும் கடை வைத்திருந்தாள். பொம்புளப் புள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று பேசின வாய்களெல்லாம், ஃபோன் தண்ணிக்குள் விழுந்த அன்றைக்கு அவள் கடை வாசலில்தான் நின்றன. தன் பெயரை எது தின்கிறது என்று பார்க்க அவள் சபைக்குப் போனாள். காசு வாங்காமல் பார்த்துத் தருகிறாள் என்பதால் பணிப்பாளரும் மறிக்கவில்லை.

அவள் முதலில் பெட்டியில் காதை வைத்தாள். பிறகு உள்ளங்கையை. வயரை மாற்றிப் பார்த்தாள், மின்சாரத்தை அளந்தாள், மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். ஒன்றாலும் மாறவில்லை. எத்தனை தரம் வாசித்தாலும் அதே இடங்களில் அதே பிழை. பெட்டியே தன்னைப் பற்றி உள்ளுக்குள் எழுதிவைத்திருக்கும் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். பழுதான இடங்கள் நூற்றுப்பன்னிரண்டு. யூஜினி தேத்தண்ணி கொண்டு வந்தார். குடித்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். நூற்று முப்பத்தொன்று.

“சேர், பதிவேட்டில பிழை இல்ல,” என்றாள். “பதிவேடு எழுதி வச்சிரிக்கிற ஹார்ட் டிஸ்க் தட்டு சாகப்போகுது. உள்ளுக்க ஒரு முள் இரிக்கி. தட்டு சுத்தக்குள்ள அது வாசிக்கப் போகும். வாசிக்க ஏலாம திரும்பி வரும், திரும்பவும் போகும். அதுதான் இந்தச் சத்தம்.”

“அப்ப பல்லி?”

“பல்லி பாவம் சேர், விட்டிருங்க. இத இப்பவே நிப்பாட்டணும். வேற தட்டுக்கு அப்பிடியே பிரதி எடுக்கணும். அதுவரைக்கும் திருத்தம் ஒண்டும் ஓட்டவேணாம். கறையான் தின்ட கடதாசியில அழிறப்பர் போட்டா எழுத்தும் போகும், கடதாசியும் போகும்.”

ஸலாஹுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு நீளும் என்பது அலுவலகத்துக்குத் தெரியும்.

“மகள், நீங்க படிச்ச புள்ள. ஆனா நிர்வாகம் தெரியா. பதிவேடு பதிவுப் பிரிவுக்குச் சொந்தம். பெட்டி நிலையான சொத்துப் பிரிவுக்குச் சொந்தம். ஒரு பிரிவிட பிழைக்கு இன்னொரு பிரிவு காரணம் எண்டு எழுத ஏலுமா? ரெண்டு பிரிவும் நல்ல ஒற்றுமையா இருக்கிற இடம் இது.”

நிலையான சொத்துப் பிரிவு என்பது கிளைட்டன். சிலாபத்துக்காரர், பாதி சிங்களம் கலந்து பேசுவார், சிரித்த முகம். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்தார், தன் புத்தகத்தைப் பார்த்தார்.

“இலக்கம் ஹரி, சரி. ஸ்டிக்கர் கிழியல்ல. நல்ல நிலையில்.”

“உள்ளுக்குப் பழுது அண்ணே.”

“அனே தங்கச்சி, நான் வெளியத்தான் சரிபார்க்கிறது. மாத்தணும் எண்டா இதக் கழிவு எண்டு ஒதுக்கணும். ஒதுக்கணும் எண்டா அது வேலை செய்யக்கூடாது. இது சத்தம் போடுதே. உயிரோட இருக்கிற ஒண்ட நான் எப்பிடிச் செத்தது எண்டு எழுத?”

“செத்தபிறகு உள்ளுக்க இருக்கிறது ஒண்டும் கிடைக்காதே.”

“அது பதிவுப் பிரிவு,” என்றார் கிளைட்டன், மரியாதையாக.

பிரதி எடுக்கும் கதையும் சரிவரவில்லை. படகுகளின் விபரத்தைப் பிரதி செய்வது தடை என்று யுத்த காலத்துச் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. போட்டவர்களே மறந்துபோன தடை அது. நீக்கிவிட ஒருவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

ஆனால் நபீலா சொன்ன மொத்தக் கதையிலும் ஒரு சொல் பணிப்பாளரின் காதில் ஒட்டிக்கொண்டது: திருத்தம். கம்பியூட்டருக்கே தன்னைத் தானே திருத்தும் வழி இருக்கிறது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பின்னேரம் மூன்று மணிக்கு, முதலாவது வாராந்தப் பதிவேட்டுத் திருத்த வைபவம் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். எல்லாச் சமயத்துக்கும் ஒரு நிமிட மௌனம். மௌனத்தில் டிக் டிக் துல்லியமாகக் கேட்டது.

திருத்தம் தொடங்கியதும் பெட்டி ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கேள்வி கேட்டது. இந்தத் துண்டு உடைந்திருக்கிறது, வெட்டிவிடவா? இதற்கு உரிமையாளர் இல்லை, அகற்றவா? தாய்மொழிக் கொள்கைப்படி விசைகளில் தமிழ் ஒட்டியிருந்தார்கள், ஒன்றில் ‘ஓம்’, ஒன்றில் ‘இல்லை’. ‘இல்லை’ உப்புக் காற்றில் இறுகிப்போய் அமத்த முடியாமல் இருந்தது. யூஜினி ஓம் அமத்தினார். ஓம். ஓம். ஓம். நாலாயிரம் கேள்வி. விரல் வீங்கிப்போனது. அடுத்த கிழமை கிளைட்டன் ஒரு நல்ல வழி சொன்னார்: ஓம் விசையின் மேல் கடதாசி பறக்காமல் வைக்கும் கண்ணாடிப் பாரம் ஒன்றை வைத்துவிட்டு எல்லோரும் பற்றிஸ் சாப்பிடப் போனார்கள்.

வெட்டிய துண்டுகளைப் பெட்டி ஒரு மூலையில் குவித்தது. இங்கிலீசில் அந்த மூலைக்கு லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்று பெயர். பெயரும் இல்லாமல், இடமும் இல்லாமல் அநாதையாகிப்போன துண்டுகளைப் போடும் இடம். துண்டுக்கு ஒரு இலக்கம் மட்டும் மிஞ்சும். பணிப்பாளர் அதைத் தானே மொழிபெயர்த்தார்: ‘காணாமற்போய்க் கண்டெடுக்கப்பட்டவை’. வாசித்துப் பார்த்ததும் அவருடைய முகமே மலர்ந்துபோயிற்றாம்.

மாத முடிவில் கொழும்புக்குப் போன அறிக்கை இப்படி இருந்தது: ‘இம்மாதம் காணாமற்போன முப்பத்தெட்டுப் படகுகளை எமது சபை கண்டெடுத்துள்ளது.’ அந்த மாதம் ஒரு படகும் காணாமற்போகவில்லை என்பது கொழும்புக்குத் தெரியாது. இந்த நாட்டில் காணாமற்போன ஒன்றை ஓர் அலுவலகம் கண்டெடுத்துக் கொடுத்தது என்பதே அவர்களுக்குப் புதுமை. பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. இந்தச் சாதனையை நேரில் பார்க்கப் பெரிய அதிகாரி ஒருவர் வைகாசிக் கடைசி வெள்ளியன்று வருவதாகவும் எழுதியிருந்தது.

நபீலா சபைக்குக் கடிதம் எழுதிப் பார்த்தாள். வீட்டில் வாப்பாவிடமும் சொன்னாள்.

“வாப்பா, சபையில பதியிறத நம்பவேணாம். நீங்க போற இடத்த எனக்காவது சொல்லிட்டுப் போங்க.”

சாஹுல் ஹமீது சிரித்தார். “உன்ட உம்மாக்கே முப்பது வருசமாச் சொல்லல்ல. உனக்குச் சொன்னா உன்ட கடைக்கு வாரவன் போறவனுக்கெல்லாம் ஃபோனில ஏறிரும். அந்தப் பெட்டிக்குத்தான் வாய் இல்ல.”

அதிகாரி வரவிருந்த வெள்ளிக்கு முதல் நாள், வியாழக்கிழமை பின்னேரம், அவரும் சவிரிமுத்துவும் இராத் தொழிலுக்குப் படுப்பு வலையோடு போனார்கள். வெள்ளி காலை திரும்பியிருக்கவேண்டும். ஒன்பது மணிக்கு மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பியது. பத்து மணிக்குக் கடல் மண் நிறமாகி, மீனவர் வாடிகளின் கூரைக் கிடுகு பறந்து, ஊர்க் கழுதைகளெல்லாம் பள்ளிவாசல் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றன. சபை ‘கடலில் உள்ளவை’ பட்டியலைக் கடற்படைக்கு அனுப்பியது. பதின்மூன்று படகு. பகல் ஒரு மணிக்குள் பதின்மூன்றும் கரைக்கு வந்துவிட்டன. பட்டியல் முடிந்தது. தேடல் நின்றது.

கரையில் நின்றவர்களுக்குக் கணக்கு பதினான்கு.

நபீலா நனைந்துபோய்ச் சபைக்குள் ஓடியபோது வாசலில் வரவேற்பு வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். வைபவத்துக்கு ஒத்திகையாக அன்று விடியற்காலையிலேயே ஒரு திருத்தம் ஓட்டி முடித்திருந்தார்கள். யூஜினி ‘கடலில் உள்ளவை’யைத் தேடினார், இல்லை. ‘கரை திரும்பியவை’யைத் தேடினார், இல்லை. பணிப்பாளர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

“இந்தா இரிக்கி! மகள், முதல்ல அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க. வாப்பாட படகு கண்டெடுத்தாச்சு.”

அவள் மேசைக்கு மேலாக எட்டினாள். “எங்க சேர்? ஆரு கண்ட?”

“இலக்கம் நானூற்றுப் பதினேழு. காணாமற்போய்க் கண்டெடுக்கப்பட்டவை.”

அவள் திரையைப் பார்த்தாள்.

“சேர், அது படகு இல்ல. உடைஞ்ச துண்டு. வாப்பா நேத்துப் பதிஞ்சது பழுதான இடத்தில விழுந்து, வெட்டுப்பட்டு இங்க வந்திரிக்கி. படகு இன்னம் கடலில. கடற்படைக்குச் சொல்லுங்க!”

“கண்டெடுத்த படகத் தேடச் சொல்லிக் கேட்டா அது பொய்த் தகவல், மகள். குற்றம். கண்டெடுப்ப இரத்துச் செய்யலாம், அதுக்கு ஒரு படிவம் இரிக்கி. உரிமையாளர் நேரில வந்து ஒப்பமிடணும்.”

“உரிமையாளர் கடலில, சேர்!”

“அப்ப வந்தபிறகு ஒப்பமிடட்டும். நாங்க எங்க ஓடப்போறம்?”

கொழும்பு வாகனத்தின் ஹோர்ன் கேட்டது. பணிப்பாளர் குடையோடு ஓடினார். நபீலா யூஜினியின் கையைப் பிடித்தாள்.

“மிஸ், நேத்து வாப்பா இடத்தத் தட்டக்குள்ள நீங்க பக்கத்திலதானே நின்ட. கொஞ்சமாவது பார்த்தீங்களா?”

யூஜினி சுவரைக் காட்டினார். “சுவரப் பார்த்தன் பிள்ளை. மாதா சத்தியமா, சுவரத்தான் பார்த்தன்.”

பிறகு, யாரையும் கேளாமல், இருபது வருட அரசாங்கச் சேவையில் முதல் தடவையாக, யூஜினி 417ஐத் திறந்தார். டிக். டிக். டிக். டக். திரையில் ஒரு வரி ஊர்ந்து வந்தது: ந???? மேற்கு மைல் 1. அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. பிறகு வெறும் கட்டங்கள்.

“ஒண்டுக்குப் பிறகு என்னமோ இருந்திரிக்கி,” என்றாள் நபீலா. “திரும்பத் திரும்ப வாசிச்சா ஒரு தரமாவது அகப்படும். ஒரு மணித்தியாலம் போதும். ஒண்டையும் தொடாதீங்க மிஸ்.” பையிலிருந்து தன் தட்டை எடுத்து வயரை மாட்டினாள். பிரதி ஆமைபோல நகர்ந்தது. நூற்றில் மூன்று. நூற்றில் நாலு. பெட்டி இப்போது டிக் என்று சொல்லவில்லை, பல்லை நறுநறுவென்று கடித்தது.

நூற்றில் ஆறில், அதிகாரியும் பணிப்பாளரும் ஆட்கள் புடைசூழ உள்ளே வந்தார்கள். பணிப்பாளர் வயரைக் கண்டார். தன் கையாலேயே பிடுங்கினார். “பிரதி எடுக்கிறது தடை,” என்றார், கோபம் இல்லாமல். வேலைக்காரர் இருவர் நபீலாவைக் கதிரையோடு பின்னால் இழுத்து வைத்தார்கள். விருந்தாளி என்று நினைத்து யாரோ அவள் கையில் தின்ன ஒரு ரோல்ஸைக் கொடுத்தார்கள்.

ஸலாஹுதீன் பேசினார். வெளியே தகரம் ஒன்று அறைந்துகொண்டே இருந்தது.

“கௌரவ ஐயா அவர்களே! ஒரு படகு கடலிலே காணாமற்போனால் அதைத் தேடக் காற்று வேண்டும், எண்ணெய் வேண்டும், உயிராபத்து வேறு. எமது சபையோ கதிரையைவிட்டு எழும்பாமலே கண்டெடுக்கிறது. இன்று கடலில் இருந்த பதின்மூன்று படகுகளும் பாதுகாப்பாக உள்ளன. பதினான்காவது படகு, அது புறப்படும்போதே கண்டெடுக்கப்பட்டுவிட்டது!”

கைதட்டினார்கள். அதிகாரி தன் கையாலேயே கடதாசிப் பாரத்தைத் தூக்கி ஓம் விசையின்மேல் வைத்தார். நபீலா “வேணாம்!” என்று கத்தினாள். அது கைதட்டலுக்குள் போயிற்று. ஓம். ஓம். ஓம். ஓம். கேள்விகள் திரையில் மழைபோலக் கொட்டின. பெட்டி ஒரு தரம் வீரிட்டது, ஒரு டக், பிறகு ஒன்றுமில்லை. திரை கறுத்தது.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சபைக்குள் அமைதி.

“பார்த்தீங்களா?” என்றார் ஸலாஹுதீன், குரலைத் தாழ்த்தி. “சத்தம் நின்டுட்டு. திருத்தம் பூரணம்.”

அந்த அமைதியில் கடல் மட்டும் கேட்டது.

நபீலா கரைக்கு எடுத்துக்கொண்டு போனது ஒரேயொரு எண். மேற்கே ஒன்று. ஆண்கள் படகுகளில் எஞ்சினைப் பூட்டிக்கொண்டே கேட்டார்கள்: ஒண்டா? பத்தா? பதினாலா? பதினெட்டா? மூன்று படகு இறங்கியது. ஒன்று ஒரு மைலில் தேடியது, ஒன்று பதினொன்றில், ஒன்று பதினான்கைத் தாண்ட முடியாமல் அலையில் அடிபட்டுத் திரும்பியது. இரண்டு நாள் தேடினார்கள். தளுவைக் கரைப் பக்கம் எண்ணெய்க் கேன் ஒன்று ஒதுங்கியது. அதில் பெயர் இல்லை.

செத்த பெட்டியைக் கிளைட்டன் மூன்றே நாளில் ஒதுக்கினார். இப்போது அது முறைப்படி வேலை செய்யவில்லை. புதுப் பெட்டி ரிபன் வெட்டி வந்தது. பழைய பதிவேட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை, கொழும்புக்குப் போன அறிக்கைகளில் அச்சடித்திருந்த கண்டெடுப்புப் பட்டியலைத் தவிர. வைபவத்தன்று அச்சடித்த கடைசிப் பட்டியலையும் சேர்த்து, யூஜினி அதைப் பார்த்துப் புதுப் பெட்டியில் தட்டினார். 417 உட்பட.

சவிரிமுத்துவின் வீட்டில் அவர் ஆத்மாவுக்குப் பூசை கொடுக்கக் கேட்டபோது மாதா கோயில் சுவாமியார் சபையின் கடிதம் கேட்டார். நபீலாவின் உம்மா சித்தி லெய்லா விதவையாக இத்தா இருக்கவேண்டியவரா, வாசலில் காத்திருக்கவேண்டியவரா என்று பள்ளி நிர்வாகமும் கடிதம் கேட்டது. காணாமற்போனார் என்று சபை கடிதம் தராது. கண்டெடுத்த ஆளைக் காணாமற்போனார் என்று எழுதுவது எப்படி? தந்தது வேறு கடிதம். அச்சடித்த, எல்லோருக்கும் பொதுவான கடிதம்: ‘கண்டெடுக்கப்பட்டவற்றை உரியவர்கள் தேசிய அடையாள அட்டையுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.’

நபீலா அதை மடித்து ஒளித்தாள். உம்மா எடுத்துவிட்டார். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தார்.

“இது சும்மா கடதாசி உம்மா. பெட்டிட பிழை.”

“கவுமேந்து முத்திரை குத்தியிரிக்கே மகள்,” என்றார் உம்மா.

அடுத்த நாள் சபையின் கவுண்டரில் அவர் ஒரு பார்சலை வைத்தார். பிரித்தார். காய்ந்த சாரம் ஒன்று, சேட் ஒன்று, துவாய் ஒன்று. தொப்பி. எல்லாம் மடிப்புக் கலையாமல்.

“நனைஞ்சு போயிருப்பாரு,” என்றார் யூஜினியிடம், மெல்ல, ஏதோ உதவி கேட்கிறவர் மாதிரி. “கண்டெடுத்துட்டீங்கதானே மிஸ்?”

நபீலா யூஜினியின் முகத்தைப் பார்த்தாள். அந்த வாய் ஒரு தரமாவது இல்லை என்று சொல்லட்டும் என்று காத்து நின்றாள். யூஜினி கவுண்டருக்கு உள்ளே பார்த்தார். பணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு யூஜினி, சுற்றறிக்கையில் உள்ளபடி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“ஓம்,” என்றார்.